மூன்றாவது இலை

வாண்டா என்கிற ஆர்க்கிட் செடி ஃபார்மலின் பாட்டிலில்தான் வாழ்கிறது என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். சிரித்து முடித்துவிட்டுத் தொடருங்கள், எனக்கு அவசரமில்லை. தாவரவியலில் முதுகலை, அதன் மேல் ஒரு பி.எட்., திண்டுக்கல்லில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நிரந்தர வேலை. இத்தனையும் கையில் வைத்துக்கொண்டு நம்பினேன். யாராவது நிறுத்திக் கேட்டிருந்தால், "மரத்தில் வளரும்" என்றுதான் சொல்லியிருப்பேன். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருந்தது. தொற்றுத் தாவரம், எடுத்துக்காட்டு வாண்டா. மரத்தில் ஒட்டி வளரும், ஆனால் மரத்திடமிருந்து எதையும் உறிஞ்சாது. வேரின் மேல் பஞ்சு மாதிரி வெலாமன் என்றொரு திசு, அது மழையையும் பனியையும் குடித்து வைத்துக்கொள்ளும். இதை நான் வருடா வருடம் மனப்பாடமாக ஒப்பித்தேன். ஆனால் வாய் சொல்வது வேறு, மனது நம்புவது வேறு. மனதுக்குள் வாண்டா என்றால் ஆய்வக அலமாரியில், வெளுத்துப்போன இரண்டு வேரோடு, மஞ்சள் தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்த அந்த ஜீவன்தான். எனக்கு முன்னால் இருந்தவர் எனக்கு விட்டுப்போனது. அவருக்கு முன்னால் இருந்தவர் அவருக்கு விட்டுப்போனது. மரம் என்று ஒன்று கட்டாயம் வேண்டுமென்றால் அது கொடைக்கானலில் இருக்கும். திண்டுக்கல் வெயிலில் மனிதன் நிற்பதே பெரிய பாடு, ஆர்க்கிட் எங்கே நிற்கும்?

போன மாதம், செய்முறைத் தேர்வுக்கு முன்னால் தாவரவியல் ஆசிரியர்களான உங்களோடு பேச என்னை நம் பள்ளி ஆய்வகத்துக்குக் கூப்பிட்டிருந்தீர்கள். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போன ஆளை ஒரு மரியாதைக்குக் கூப்பிடுவார்கள், வரமாட்டான் என்ற நம்பிக்கையில். நான் வந்துவிட்டேன். அன்றைக்குப் புதிதாகச் சேர்ந்த டீச்சர் ஒருவர் அலமாரியின் மேல்தட்டைக் காட்டி, "சார், அந்தக் குட்டிப் பாட்டில எறிஞ்சிரலாமா? உள்ள என்ன இருக்குன்னே தெரியல. வேர் கூட ஒழுங்கா இல்ல" என்று கேட்டார். நான் ஏதோ ஒரு ஜோக் அடித்து நழுவிவிட்டேன். அன்று சொல்லாததை இப்போது எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. செய்முறைத் தேர்வுக்குச் சில நாள் இருக்கும்போது எனக்குத் திடீரென்று ஒரு சுறுசுறுப்பு வந்தது. அந்தச் சுறுசுறுப்பு வந்தபோதெல்லாம் என் வாழ்க்கையில் ஏதாவது உடைந்திருக்கிறது. அலமாரியைத் துடைக்கப் போய், வாண்டா பாட்டில் கை நழுவித் தரையில் விழுந்தது. நெடியில் கண்ணெல்லாம் தண்ணீர். செடியை எடுக்கப் பார்த்தேன். எத்தனையோ வருடம் ஊறியது, விரலில் கூழாக வந்தது. பக்கத்து அறையிலிருந்து விலங்கியல் வாத்தியார் எட்டிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, துக்க வீடு மாதிரி நிக்கிற?"

"வாண்டா போச்சு மாப்ள."

"எங்கிட்ட நாடாப்புழு ரெண்டு இருக்கு. ஒண்ண வேரு மாதிரி தொங்க விட்டுக்க."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. பதற்றத்தில் எதுவும் நல்ல யோசனையாகப் படும். இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த வருடம் எங்களுக்குப் புறத்தேர்வராக வரவிருந்தவர் வேறொரு பள்ளியின் மூத்த தாவரவியல் டீச்சர். கறாரானவர் என்று பேர். அவர் பெயரை இங்கே எழுதவில்லை, அவருக்குப் பிடிக்காது. எக்ஸ்டர்னல் டீச்சர் என்றால் அப்போது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். வாண்டா இல்லாத மேசையை அவர் பார்ப்பார், அறிக்கை எழுதுவார், எனக்கு மெமோ வரும், ஊதிய உயர்வு நிற்கும், மாமனார் வீட்டில் சிரிப்பார்கள் என்று ஒரு சங்கிலியை நானே கட்டி நானே கழுத்தில் மாட்டிக்கொண்டு, மறுநாள் விடுப்புப் போட்டுவிட்டு வத்தலக்குண்டு பஸ் ஏறினேன். அங்கிருந்து கொடைக்கானல் போவது திட்டம்.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் மலைக்குப் போகிற பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. வாழைப்பழக் கடைக்குப் பக்கத்தில் ஒருவர் மலைச் செடிகளைக் கூடையில் வைத்து விற்றுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஆர்க்கிட் இருக்கா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். என் பதற்றத்தை எடை போட்டார். "இருக்கே சார்."

"மரத்துல வளரணும்."

"மரத்துல வச்சா மரத்துல வளரும், மண்ணுல வச்சா மண்ணுல வளரும். உங்க மனசு எப்படியோ அப்படி."

நீள இலை, குண்டு குண்டாக வெள்ளை வேர். கொண்டாட்டமாக வாங்கி, திரும்பி வரும் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டேன். "என்ன சார், லக்கேஜ் போடவா, அர டிக்கெட் போடவா?" என்றார் கண்டக்டர்.

தேர்வன்று டீச்சர் வந்தார். ஒல்லியான உருவம், கழுத்தில் சின்னச் சிலுவை, தோளில் துணிப்பை, பையில் தண்ணீர் பாட்டில். அடையாளம் காண வேண்டிய மாதிரிகளை மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டே வந்தவர் என் செடியைத் தூக்கினார். வேரிலிருந்து மண் பொலபொலவென்று உதிர்ந்தது. மண்ணைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"என்ன சார் இது?"

"வாண்டா டீச்சர்."

"மரத்துலருந்து எடுத்தீங்களா?"

"ஆமா டீச்சர்."

"மரத்து மேல யாரு சார் மண்ணு கொட்டுனது?"

பின்னால் ஒரு பையன் சிரிப்பை இருமலாக மாற்றினான். அது வீட்டு வாசலில் அழகுக்கு வளர்க்கிற ஏதோ தொட்டிச் செடி. டீச்சர் அதை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு சப்பாத்திக்கள்ளித் துண்டை வைத்தார். தேர்வு நடந்தது. அறிக்கையில் ஒரு வரி எழுதவில்லை. சாயந்திரம் கையெழுத்துப் போட்டு முடித்ததும், "வீட்டுக்குப் போற அவசரமா சார்? இல்லன்னா என்கூட டவுன் பஸ்ல வாங்க" என்றார். மேலதிகாரியிடம்தான் கூட்டிப் போகிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். பஸ்ஸில் மன்னிப்புக் கடிதத்தின் முதல் இரண்டு வாக்கியங்களைத் தயார் செய்தேன். பஸ் ஊரைத் தாண்டி அகரம் பக்கம் போனது. அதிகாரி இவ்வளவு தூரத்திலா குடியிருப்பார் என்று யோசிக்கும்போது, வறண்ட கண்மாய் ஓரமாக ஒரு நிறுத்தத்தில் இறங்கச் சொன்னார்.

ரோட்டோரம் வரிசையாகப் பெரிய புளியமரங்கள். "மேல பாருங்க" என்றார். பார்த்தேன். இலை தெரிந்தது, காக்கை தெரிந்தது.

"அந்தக் கவட்டைக்குக் கொஞ்சம் மேல."

அப்போது தெரிந்தது. சீப்புப் பல் மாதிரி இரண்டு பக்கமும் அடுக்கிய தடித்த இலைகள். பட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டும் காற்றில் தொங்கிக்கொண்டும் சாம்பல் நிறக் கயிறுகளாக வேர்கள். ஒன்றைப் பார்த்ததும் இன்னொன்று தெரிந்தது, அடுத்த மரத்தில் இன்னொன்று. இந்த வழியாக நான் பஸ்ஸில் போகாத மாதம் கிடையாது. அவ்வளவு காலமும் என் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது.

டீச்சர் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, கைக்கு எட்டிய ஒரு வேரில் கொஞ்சம் ஊற்றினார். சாம்பல் நிறம் உள்ளிருந்து மெல்ல மெல்லப் பச்சையாக மாறியது.

"உசுரோட இருந்தா பச்ச வரும் சார். செத்த வேருன்னா சும்மா நனையும், அவ்வளவுதான்."

உடனே நான் என்ன செய்தேன் தெரியுமா? சட்டைப் பையிலிருந்து பிளேடை எடுத்தேன். தாவரவியல் படித்த நம் ஜாதி ஆட்கள் மட்டும்தான் இப்படிச் செய்வோம். அழகான எதையாவது பார்த்தால் குறுக்குவெட்டு எடுக்கக் கை அரிக்கும்.

"பிளேட உள்ள வைங்க தம்பி" என்றார். அதுவரைக்கும் சார். அதிலிருந்து தம்பி.

"ஒரே ஒரு செடி டீச்சர். இவ்வளவு இருக்கே."

"எல்லாரும் ஒரே ஒண்ணுதான் எடுக்கறாங்க. ஒவ்வொரு பள்ளிக்கூடமும் பரீட்சைக்குப் பரீட்சை ஒண்ணு. இங்க இருக்கறதெல்லாம் வயசானதுக, தம்பி. நானும் வருசக்கணக்காப் பாத்துட்டேன். பூக்குது, காய்க்குது, ஒரு குட்டியக் கூடக் காணோம்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளை அந்த மரத்தடிக்குக் கூட்டிப்போனேன். செடியை ஆய்வகத்துக்குக் கொண்டுவரவில்லை. காற்றில் ஒடிந்து விழுந்த வேர் ஏதாவது கிடைத்தால் தேர்வுக்கு அது. கிடைக்காவிட்டால் கள்ளித்துண்டு. யாருக்கும் மெமோ வரவில்லை.

கோடையில் பூத்தது. மஞ்சளும் பச்சையும் கலந்த இதழில் பழுப்புக் கட்டம், நடுவில் நீலமும் ஊதாவுமாக ஒரு நாக்கு. பக்கத்தில் போனால்தான் வாசம் தெரியும். காய் விரல் நீளத்துக்கு வரும். மாதக்கணக்கில் முற்றி வெடித்தால் உள்ளே விதை மாவு மாதிரி. அந்த விதைக்குள் சொந்தச் சாப்பாடு கிடையாது. பறந்து போய் ஒரு பட்டை இடுக்கில் விழ வேண்டும், அந்த இடுக்கில் அதற்கென்று ஒரு பூஞ்சை இருக்க வேண்டும், அந்தப் பூஞ்சை ஊட்டிவிட வேண்டும். இவ்வளவும் ஒத்துவந்தால் ஒரு குட்டி முளைக்கும். டீச்சர் கையில் லென்ஸை வைத்துக்கொண்டு மரம் மரமாகப் பட்டையைப் பார்த்துக்கொண்டு போவார். கண்மாய்க்கு அந்தப் பக்கத்து விவசாயி ஒருவர் என்னிடம் தனியாகக் கேட்டார்.

"டீச்சரு எதத் தொலச்சாங்க?"

"ஒரு பிள்ளையத் தேடுறாங்கண்ணே."

அவர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார். ஆனால் அடுத்த தடவை ஏணியைக் கொண்டுவந்து மரத்தில் சாத்தி வைத்தவரும் அவர்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு ஜூன் மாதம். பள்ளி திறந்த புதிது. தலைமையாசிரியர் அறையில் எனக்குப் போன் வந்திருப்பதாகச் சொன்னார்கள். ஓடினேன்.

"தம்பி, பிறந்திருச்சு."

என் தங்கை அப்போது நிறைமாதம். "ஆணா பொண்ணா?" என்று கத்தினேன். தலைமையாசிரியர் எழுந்து கை கொடுத்தார்.

"எல ரெண்டு" என்றது போன்.

அன்று சாயந்திரமே போனேன். கண்மாய் முனையில் இருந்த மரத்தில், தரையிலிருந்து ஒன்றரை ஆள் உயரத்தில், பட்டை இடுக்கு. ஏணியில் நின்று லென்ஸ் வைத்துப் பார்த்தேன். என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக இரண்டு இலை. கீழே நூல் போல ஒரே ஒரு வேர், பட்டை வெடிப்புக்குள் நுழைந்திருந்தது. இதற்கு முன்னால் நான் எதையுமே அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"சொட்டுத் தண்ணி விடுங்க" என்றார் கீழேயிருந்து. விட்டேன். நூல் பச்சையானது.

டீச்சர் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நான் அடுத்த மே மாசம் ரிட்டயர்டு ஆகறேன் தம்பி. அதுக்குள்ள இது மூணாவது எல விட்டாப் போதும். மூணு விட்டுச்சுன்னா நின்னுரும்."

மூன்று விட்டால் நிற்கும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது அவரே வைத்துக்கொண்ட கணக்கு. நானும் அதை ஏற்றுக்கொண்டேன்.

மழைக்கு முன்னால் மரங்களில் பட்டையைச் சீவி எண் போட்டார்கள். ரோடு அகலமாகப் போகிறது. எங்கள் மரத்துக்கும் எண் இருந்தது. அப்போது நான் அடைந்த பதற்றத்துக்கு வாண்டா பாட்டில் உடைந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. மனு எழுதினேன், டீச்சரும் எழுதினார், நெடுஞ்சாலை அலுவலகத்துக்கு நடந்தோம். அங்கே ஒருவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

"அரிய செடின்னு எழுதியிருக்கீங்க. எத்தன அடி உயரம்?"

"முக்கால் இஞ்ச் சார்."

அவர் பேனாவை மூடினார். திட்டவில்லை, கிண்டலும் செய்யவில்லை. "வெட்டறதுக்கு முன்னால வந்து எடுத்துக்கங்க. எனக்கு முடிஞ்சது அதுதான்" என்றார். ரோடும் தேவையான ரோடுதான். அந்த வளைவில் எத்தனை பேர் விழுந்திருக்கிறார்கள் என்பது எங்களுக்கும் தெரியும்.

வெட்டுகிற நாளன்று, ஏணி கொடுத்த விவசாயி போன் செய்தார். வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு விலங்கியல் வாத்தியாரின் மொபெட்டை வாங்கிக்கொண்டு போனேன். எனக்கு முன்னால் டீச்சர் வந்திருந்தார். மூன்று மரம் ஏற்கெனவே ரோட்டில் கிடந்தது. அதிலிருந்த பெரிய செடிகளைச் சாக்கில் போட்டு வைத்திருந்தார். பெரியவற்றைப் பிடுங்கி வேறு மரத்தில் கட்டிவிடலாம், சமாளித்துக்கொள்ளும். எங்கள் உயிரெல்லாம் கடைசி மரத்தில்தான்.

வெட்டும் மரங்களை ஏலம் எடுத்திருந்தவர் திண்டுக்கல் மரக்கடை பாய் ஒருவர். குடை பிடித்து நின்றுகொண்டிருந்தார்.

"டீச்சரம்மா, எனக்கு மரத்தத்தான் குடுத்துருக்காங்க, செடியக் குடுக்கல. நீங்க தாராளமா எடுங்க. ஆனா ஆளுக கூலி ஓடுது பாருங்க. பசங்க டீ குடிக்கப் போறாய்ங்க. குடிச்சுட்டு வந்து ரம்பத்த வச்சிருவாய்ங்க. அந்தச் செத்த நேரம் உங்களுக்கு."

ஏணியில் நான் ஏறினேன். எனக்கு உயரம் என்றால் பயம். தாவரவியல் படித்தவனுக்கு மரம் ஏறப் பயம் என்பதை வைத்து நானே பல ஜோக் சொல்லியிருக்கிறேன், அன்று ஒன்றும் ஞாபகம் வரவில்லை. கீழே டீச்சர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"வேர் எப்படியிருக்கு?"

"உள்ள போயிருக்கு டீச்சர். முனை தெரியல."

வழி இரண்டு இருந்தது. பிளேடால் வெடிப்பைக் கீறி, வேரைப் பட்டையிலிருந்து பிரித்து எடுத்து, வேறு மரத்தின் உயிருள்ள பட்டையில் வேர் படும்படி கட்டுவது. இருப்பதே ஒரு வேர், அறுந்தால் கதை அங்கேயே முடிந்தது. இன்னொன்று, செடியைத் தொடாமல் பட்டையையே டீச்சர் கொண்டுவந்திருந்த உளியால் உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்த்து, பட்டையோடு கொண்டுபோய்க் கட்டுவது. வேர் பத்திரம். ஆனால் பெயர்த்த பட்டை செத்த பட்டை.

"பிளேடு இருக்கா?"

"இருக்கு."

"கை?"

"ஆடுது டீச்சர்."

"எனக்கும் ஆடுது. நீங்கதான் பக்கத்துல நிக்கறீங்க. நீங்களே சொல்லுங்க."

டீக்கடையில் கண்ணாடி டம்ளர்களைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. வாழ்க்கை முழுக்கக் கண்டதையெல்லாம் பிளேடால் கீறியவன், அன்று பிளேடைச் சட்டைப் பையிலேயே விட்டுவிட்டேன். "உளி குடுங்க" என்றேன்.

பட்டை அழகாகப் பெயர்ந்து வந்தது. துண்டில் ஏந்திக்கொண்டு இறங்கினேன். இரண்டு இலையும் அப்படியே இருந்தன. கால் தரையில் பட்டதும் எனக்குப் பேச்சு வந்துவிட்டது. ஏதேதோ உளறினேன், டீச்சர் சிரித்தார். பாய் குடையோடு வந்து குனிந்து பார்த்தார்.

"இதுக்கா?"

"இதுக்குத்தான் பாய்."

"வளந்து மரமாகுமா?"

"ஆகாது."

"காய் திங்கலாமா?"

"திங்க முடியாது பாய்."

"மருந்துக்கா?"

"அதுக்கும் இல்ல."

பாய் நிமிர்ந்தார். "அப்பப் பத்திரமாக் கொண்டு போங்க" என்றார். பிறகு திரும்பி, "ஏலே, வேலையப் பாருங்கடா" என்றார்.

விவசாயியின் வரப்பில் ஒரு புளியமரம் இருந்தது. ரோட்டுக்குத் தூரம், யாரும் தொட மாட்டார்கள். டீச்சர் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய சேலைக் கிழிசலால் பட்டையை அந்த மரத்தில் இறுக்கிக் கட்டினோம். பெரிய செடிகளையும் அதே மரத்தில் கட்டினோம். திரும்பும்போது ரோடு ஒரே வெளிச்சமாக இருந்தது. கண்மாய் அவ்வளவு பெரியது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். ஆய்வகத்தில் உங்கள் கையிலும் ஒரு நாள் இப்படி ஒன்று வந்து நிற்கும். செடியாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு பிள்ளையாக இருக்கலாம். ஏணியில் நின்றபோது நான் எனக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி, எதைச் செய்தால் இது என் கையில் சாகாது என்பது. எதைச் செய்தால் இது போகிற இடத்தில் வாழும் என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்து, பிளேடை எடுத்துப் பிரித்திருந்தால் பிழைத்திருக்குமா? தெரியாது. டீச்சரிடம் பிறகு ஒரு முறை கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. பயந்தவன் தப்பான முடிவுதான் எடுப்பான் என்று நான் சொல்ல வரவில்லை. பயந்தவன் கேள்வியையே சின்னதாக்கிக்கொள்வான். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

மழை நன்றாகப் பெய்தது. எனக்கு அரையாண்டுத் தேர்வு, விடைத்தாள், வீட்டில் தங்கை குழந்தைக்கு மொட்டை என்று நாள் ஓடியது. டிசம்பரில் டீச்சர் போன் செய்தார். "தம்பி, மூணாவது எல எட்டிப் பாக்குது. ஊசி முனை மாதிரி." நான் போனிலேயே அவருக்கு ரிட்டயர்மெண்ட் விழா நடத்தினேன், மாலை போட்டேன், நானே வாழ்த்துரை வழங்கினேன். பக்கத்தில் தலைமையாசிரியர் இந்த முறை கை கொடுக்கவில்லை.

பொங்கலுக்குப் பிறகு பனியும் போய் வெயில் ஏறியது. பெயர்த்த பட்டை என்ன செய்யும் என்று தாவரவியல் படித்த இரண்டு பேருக்கும் தெரியும். நனைந்து உப்பியது காயும்போது சுருளும். சேலைக் கிழிசலும் வெயிலில் இற்றுப்போகும்.

பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு. டீச்சர் பணியில் கடைசியாகப் புறத்தேர்வராக வந்த பள்ளி எங்களுடையது. காலையில் நான் வாசலிலேயே நின்றிருந்தேன். பாதி ஜோக் தயாராக இருந்தது.

"வாங்க டீச்சர். மூணாவது எல எப்படியிருக்கு? இன்னும் எனக்கு வணக்கம் வைக்கல."

அவர் நேராக ஆய்வகத்துக்குள் வந்தார். துணிப்பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்து மேசையில் வைத்துப் பிரித்தார். சுருண்ட பட்டை. அதன் வெடிப்பிலிருந்து வெளியே வந்து தொங்கிய ஒற்றை வேர். மூன்று இலை. மூன்றாவது மற்ற இரண்டின் உயரத்துக்கு வந்திருந்தது.

"போன வாரம் போனேன். மரத்தடியில கெடந்துச்சு. எறும்பு மேய்ஞ்சுக்கிட்டு இருந்துச்சு."

"எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாமே டீச்சர்."

"போட்டு?" என்றார்.

அந்தப் பட்டையை எடுத்துக்கொண்டு போய், அடையாளம் காண வேண்டிய மாதிரிகளின் வரிசையில், எப்போதும் வாண்டா இருக்கும் இடத்தில் வைத்தார். நான் தடுக்கப் போனேன். "மரத்துலருந்து எடுக்கக் கூடாதுன்னு நான்தான சொன்னேன்" என்றார். "இது மரத்துல இல்ல, தம்பி."

பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார்கள். எரியோடு ஊரிலிருந்து வருகிற ஒரு பெண் நின்று, குனிந்து பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

"டீச்சர், இது உசுரோட இருக்கா?"

தேர்வில் பேசக் கூடாது. நான் அவளை நகரச் சொல்ல வாயெடுத்தேன். டீச்சர் கை காட்டி நிறுத்திவிட்டு, பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தார். அந்த வேரில் ஒரு சொட்டு விட்டார். மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். இன்னொரு சொட்டு விட்டார்.

வேர் நனைந்தது.

"இல்லம்மா" என்றார். "நீ எழுது."

அன்று எல்லோரும் வாண்டா, தொற்றுத் தாவரம் என்று சரியாக எழுதியிருந்தார்கள். எல்லோருக்கும் முழு மதிப்பெண் போட்டார். சாயந்திரம் அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு சின்னப் பாட்டிலைத் தேடி எடுத்துக் கழுவி, நான் ஃபார்மலின் ஊற்றினேன். அவர் செடியைப் பட்டையிலிருந்து பிரித்தார். இப்போது அது தானாகவே வந்தது. உள்ளே விட்டார். நான் மூடியைத் திருகி மேல்தட்டில் வைத்தேன்.